பிழையாகக் கீறிய படங்கள்

கொட்டாஞ்சேனையில் பிறந்து வெள்ளவத்தையில் குடியிருக்கிற நாகேஸ்வரி அக்காவுக்கு இப்போது எழுபத்தொன்பது வயது. கொழும்பில் இருந்து வெளிவந்த ஒரு தமிழ்ப் பத்திரிகையில் முப்பத்தேழு வருடம் கேலிச்சித்திரம் கீறியவர். காலையில் தேத்தண்ணியோடு அந்தப் படங்களைப் பார்த்துச் சிரித்தவர்களில் பெரும்பாலானோருக்கு அவற்றைக் கீறியது ஒரு பெண் என்று தெரியாது.

நான் அதே பத்திரிகையில் எண்பதாம் ஆண்டு பக்கம் கட்டுகிற வேலைக்குச் சேர்ந்தேன். அதற்கு முந்திய கதைகளை அக்காவும், அவருடைய கணவர் நமசிவாயம் அண்ணையும், படங்களை அச்சுக்கான உலோகத் தகட்டில் பதிக்கிற ஹாஷிம் நானாவும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மூன்று பேர் மூன்று நேரத்தில் சொன்னதும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஆகவே நம்பலாம்.

அக்காவின் தகப்பன் துறைமுகத்தில் கிளாக்கர். வேலைசெய்கிற கந்தோரில் கழித்துவிட்ட சரக்குத் தாள்களை வீட்டுக்குக் கொண்டுவருவார். அவற்றின் வெறும் பின்பக்கம் முழுவதையும் மகள் நிரப்பிவிடுவாள். ஒழுங்கையில் மீன் விற்கிறவர், கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு மெழுகுதிரியோடு போகிற மனுசிமார், குடையை மறந்து திரும்பி ஓடிவருகிற வாத்தியார் எல்லாரும் அந்தத் தாள்களில் இருந்தார்கள். யாரும் அவருக்குப் படம் கீறப் பழக்கவில்லை. கீறாதே என்றும் சொல்லவில்லை.

அறுபத்தாறாம் ஆண்டு, இருபது வயதில், பத்திரிகையின் அச்சுப்பிழை பார்க்கிற மேசையில் வேலை கிடைத்தது. கையெழுத்துப் பிரதியைச் சத்தமாக வாசிப்பது அக்காவின் வேலை. எதிரே இருந்து அச்சுத்தாளில் பிழை திருத்துவது நமசிவாயம் அண்ணையின் வேலை. அண்ணை யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் இருந்து வந்தவர். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது. ஒரு காற்புள்ளி தவறிப் பக்கம் அச்சேறிவிட்டால் அன்று அவருக்கு மத்தியானச் சாப்பாடு இறங்காது. கடைப் பலகை, பஸ் ரிக்கற், மருந்துப் போத்தல் என்று எதை வாசித்தாலும் முதலில் பிழைதான் கண்ணில் படும்.

அக்கா வாசித்ததில் பாதி மரண அறிவித்தல்கள். இன்னாரின் பாசமிகு மனைவியும் இன்னாரின் அருமைத் தாயாரும் என்று பக்கம் பக்கமாக வாசிப்பார். அண்ணை திருத்தி முடிக்கும்வரை காத்திருக்கிற நேரத்தில் அக்காவின் பென்சில் சும்மா இராது.

ஒருநாள் அமைச்சர் ஒருவரின் பேச்சு அச்சுத்தாளாக வந்தது. வீடில்லாத எல்லாருக்கும் வீடு கட்டித் தருவோம் என்று பேசியிருந்தார். திருத்திக்கொண்டே போன அண்ணையின் கண் தாளின் ஓரத்தில் நின்றது. அங்கே ஆறு பேர் கொண்ட குடும்பம் ஒன்று ஒரே குடைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. குடைக் கம்பில் கட்டிய நாடாவை அமைச்சர் கத்தரிக்கோலால் வெட்டித் திறந்துவைத்துக்கொண்டிருந்தார்.

"இது நீர் கீறினதோ?" என்று அண்ணை கேட்டார்.

"ஓம். அழிச்சுவிடுறன்."

"பொறும்."

அவர் சிவப்பு மையால் படத்தின் கீழே மூன்று சொற்கள் எழுதினார்: 'முதலாம் கட்டம் நிறைவு.' பிறகு அந்த ஓரத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு ஹாஷிம் நானாவிடம் போனார்.

நானா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "படம் ஷோக்காத்தான் ஈக்குது. பென்சில் கீறு தகட்டுல விழாது தம்பி. கறுப்பு மையால பெரிசாக் கீறித் தரச் சொல்லுங்க. யாரு கீறினது?"

"கொட்டாஞ்சேனையில ஒரு ஆள்."

ஆசிரியர் கேட்டபோதும் அண்ணை அதையேதான் சொன்னார். நேரில் வர விருப்பமில்லாத ஆள், பெயர் நாகு என்றார். படம் அடுத்த நாள் வந்தது. அந்தக் கிழமையே இன்னொன்று கேட்டார்கள். இரண்டு மாதத்தில் அது அன்றாடமாகிவிட்டது. வாசகர்களின் கடிதங்கள் 'மதிப்புக்குரிய நாகு ஐயா அவர்களுக்கு' என்று வரத் தொடங்கின. ஒரு பாடசாலை பரிசளிப்பு விழாவுக்கு நாகு ஐயாவைத் தலைமை தாங்கக் கூப்பிட்டது. ஐயாவுக்குச் சுகமில்லை என்று அக்காவே தன் கையால் பதில் எழுதினார்.

அறுபத்தெட்டில் பெய்த பெருமழைக்கு கொட்டாஞ்சேனையில் அக்காவின் ஒழுங்கை முழங்கால் தண்ணீரில் கிடந்தது. தண்ணீர் வடியக் கான் வெட்டித் தருவதாகத் தேர்தலின்போது சொல்லியிருந்த மாநகரசபை உறுப்பினர் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. அக்கா அவரை ஒரு தோணியில் ஏற்றி ஒழுங்கை நடுவே மிதக்கவிட்டார். அண்ணை கீழே எழுதினார்: 'என் வாக்குத் தாழாது.'

மூன்றாம் நாள் அந்த உறுப்பினர் இரண்டு ஆட்களோடு கந்தோருக்கு வந்துவிட்டார். படி ஏறினால் முதலில் இருப்பது பிழை பார்க்கிற மேசைதான். அண்ணை தேத்தண்ணி குடிக்கக் கீழே போயிருந்தார். அக்கா மட்டும் இருந்தார்.

"நாகு எண்டவன் ஆரு? எங்க அவன்?"

அக்கா கதிரையை விட்டு எழும்பினார். "நாகு இப்ப கதிரையில இல்லை," என்றார். அது உண்மைதான். "ஏதும் சொல்லவேணும் எண்டால் சொல்லுங்கோ. எழுதி வைக்கிறன்."

வந்தவர் இதை எதிர்பார்க்கவில்லை. சற்று நின்றுவிட்டு எதிர்க் கதிரையில் இருந்தார். ஒழுங்கைக்கு மூன்று தரம் பிளான் அனுப்பியதையும் மேலே இருக்கிறவர்கள் அதை இழுத்தடிப்பதையும் சொல்லச் சொல்ல அக்கா எழுதினார். போகப் போக உறுப்பினரின் குரலும் தணிந்தது. கூட வந்த இருவரும் ஜன்னல் பக்கம் போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"தோணியில இருத்தினதை விடுங்க தங்கச்சி," என்றார் கடைசியில். "அந்த மூக்கு. எனக்கு இப்பிடியா மூக்கு?"

அக்கா அவரை நன்றாகப் பார்த்தார். கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பச் சொல்லியும் பார்த்தார். "இல்லை. உங்கட மூக்கு இப்பிடியில்லை. சொல்லிவிடுறன்."

அடுத்த கிழமை வந்த படத்தில் மூக்கு அச்சொட்டாக அவருடையதாகவே இருந்தது. தண்ணீர் மட்டும் குறையவில்லை. ஒரு மாதத்தில் கான் வெட்ட ஆட்கள் வந்தார்கள். அது படத்துக்காகவா மூக்குக்காகவா என்று யாருக்கும் தெரியாது.

அன்று நடந்ததையெல்லாம் ஆசிரியர் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறார். வந்தவர்கள் இறங்கிப் போனதும் வெளியே வந்தார்.

"நாளையில இருந்து நீர் இந்த மேசையில இருக்கவேண்டாம்," என்றார்.

அக்கா வேலை போய்விட்டது என்றே நினைத்தார்.

"என்ர அறைக்குப் பக்கத்தில ஒரு மேசை போடச் சொல்லுறன். அங்கதான் வெளிச்சம் நல்லம்," என்று ஆசிரியர் தொடர்ந்தார். "பேர் நாகுவாவே இருக்கட்டும். ஆர் எண்டு வெளியில தெரியவேண்டாம். இண்டைக்கு வந்தவர் நல்ல மனுசன். எல்லாரும் இப்பிடி வரமாட்டினம்."

பெயர் வெளியே வராததில் மனக்குறை இருந்ததா என்று நான் ஒருமுறை அக்காவிடம் கேட்டேன். "இருந்தது, சுகிர்தன்," என்றார். "ஆனா பஸ்ஸில எனக்குப் பக்கத்தில இருக்கிற ஆள் என்ர படத்தைப் பார்த்துச் சிரிக்கிறதை நான் ஒண்டும் தெரியாத மாதிரி இருந்து பார்க்கலாம். பேர் தெரிஞ்சவைக்கு அது கிடைக்காது."

எழுபதாம் ஆண்டு அண்ணையின் தாய் மெயில் ரயிலில் கொழும்புக்கு வந்தார். மகன் விரும்புகிற பிள்ளையைப் பார்க்கக் கொட்டாஞ்சேனைக்குப் போனார்கள். வடையும் தேத்தண்ணியும் வந்தபிறகு, பிள்ளை கந்தோரில் என்ன வேலை என்று தாய் கேட்டார்.

"படம் கீறுறா," என்றார் அண்ணை.

"அப்ப நாகுவைத் தெரியுமோ பிள்ளைக்கு? நான் பேப்பர் வந்ததும் முதல் பார்க்கிறது அதைத்தான். அந்தப் பெடியனுக்கு நல்ல மூளை."

அக்காவின் தகப்பன் செருமினார். 

"அது நான்தான், மாமி," என்றார் அக்கா.

தாய் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப ஏன் பிள்ளை உம்மட படத்தில வாற சனமெல்லாம் இப்பிடி மெலிஞ்சுபோய்க் கிடக்குதுகள்? சாப்பாடு குடுக்கிறதில்லையோ?"

"கூப்பன் அரிசிதானே, மாமி."

தாய் சிரித்துவிட்டார். கலியாணம் அந்த ஆவணியிலேயே நடந்தது.

எழுபதுகளின் நடுவில் பாணுக்கும் சீனிக்கும் நாடே வரிசையில் நின்ற காலத்தில்தான் அக்காவின் 'கியூ அக்கா' பிறந்தாள். துணிப்பையை இடுப்பில் செருகிக்கொண்டு, எந்த வரிசையைக் கண்டாலும் எதற்கென்று கேளாமல் போய் நிற்கிற ஒரு மனுசி அவள். வரிசை என்றால் அது மரண வீட்டு வரிசையாகவும் இருக்கும். நின்று முடிந்தபிறகு அழுதுவிட்டு வருவாள். சனம் அவளைத் தங்கள் ஒழுங்கையில் இருக்கிற ஒருத்தி என்றே நினைத்தது.

அக்கா படத்தைக் கீறி அண்ணையின் மேசையில் வைப்பார். அண்ணை அதற்கு வசனம் எழுதுவார். நான் வேலைக்குச் சேர்ந்த நாட்களில் அவர்களுடைய சண்டையைக் கேட்டுக்கொண்டே பக்கம் கட்டியிருக்கிறேன்.

"ஏழு சொல்லு கூட," என்பார் அக்கா.

"எதை வெட்டச் சொல்லுறீர்?"

"ஆளின்ர முகத்தில தெரியிறதையெல்லாம் வெட்டுங்கோ."

அண்ணை கோபத்தோடு பேனாவை எடுப்பார். ஐந்து நிமிடத்தில் நான்கு சொற்களோடு வந்து நிற்பார். அந்த நான்கும் அசைக்க முடியாதவையாக இருக்கும்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடியில், தமிழர் வீடுகளைத் தேடி எரித்த கலவரத்தில், வெள்ளவத்தையில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீடு எரிந்தது. அக்கா, அண்ணை, ஒன்பது வயது மகள் மயூரி மூவரும் பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பத்தின் சாமான் அறையில் ஒன்றரை நாள் இருந்தார்கள். பிறகு பம்பலப்பிட்டியில் ஒரு பாடசாலையில் அகதிகளாக இருந்தார்கள். பதினேழு வருடப் படங்கள் அந்த வீட்டோடு போயின. அதைப் பற்றி அக்கா ஒருநாளும் பேசி நான் கேட்டதில்லை. மயூரியின் பள்ளிக்கூடச் சப்பாத்து, அதற்கு முதல் நாள் வாங்கியது, ஒருதரம்கூடப் போடாதது, அதுவும் எரிந்துபோனதைப் பல தடவை சொல்லியிருக்கிறார்.

நான்கு மாதம் அவர் ஒன்றும் கீறவில்லை. ஆசிரியரும் கேட்கவில்லை. கார்த்திகையில் ஒருநாள் வந்து இருந்து ஒரு படம் கீறினார். முகாமில் தண்ணீர் வரிசை. கியூ அக்கா வரிசையில் நிற்கவில்லை. ஒரு வாளியோடு வரிசைக்கு முன்னால் நின்று எல்லாருக்கும் ஊற்றிக்கொண்டிருந்தாள். அண்ணை வசனம் எழுதப் பேனாவை எடுத்தார். வைத்துவிட்டார். படம் அப்படியே போனது.

இரண்டாயிரத்து நான்கில் அக்கா ஓய்வு பெற்றார். கடைசி நாள் பத்திரிகை அவருடைய புகைப்படத்தைப் போட்டு, நாகு இவர்தான் என்று எழுதியது. முப்பது வருடமாக உங்களை என்னுடைய மாமனாரைப் போல ஒரு மனிதர் என்று நினைத்திருந்தேன், மன்னிக்கவும் என்று திருகோணமலையில் இருந்து ஒருவர் கடிதம் எழுதினார். அக்கா பேனாக்களைக் கழுவித் துடைத்து ஒரு பெட்டியில் வைத்து மூடினார். ஓய்வென்றால் ஓய்வுதான் என்றார். மயூரி கனடாவுக்குப் போய்விட்டாள். அக்காவும் அண்ணையும் கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில் மூன்றாம் மாடி வீட்டில் இருந்தார்கள். அண்ணை காலையில் மூன்று பத்திரிகைகளை வாசித்து, பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு மடித்து வைப்பார். யாருக்கும் அனுப்புவதற்காக அல்ல.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஆனியில் ஒரு காலை, அண்ணையின் கையில் இருந்து பத்திரிகை நழுவியது. வலது பக்கம் சோர்ந்து வாய் கோணியது. நாட்டில் பெற்றோல் இல்லாத நாட்கள் அவை. ஒழுங்கை முனையில் ஒரு ஓட்டோகூட இல்லை. கீழ்வீட்டு நிரோஷன் இரண்டு இரவு வரிசையில் நின்று அடித்த பெற்றோல் காரில் இருந்தது. அக்கா கேட்கும் முன்பே அவர் காரை எடுத்தார். அதனால்தான் நேரத்துக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர முடிந்தது.

அண்ணை பிழைத்தார். வலக்கை வரவில்லை. கால் மெல்ல மெல்ல வந்தது. சொற்கள்தான் போய்விட்டன. சொல்வதெல்லாம் அவருக்கு விளங்கியது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் ஒரே ஒரு சொல் மட்டும் வந்தது: "பரவாயில்லை."

தேத்தண்ணி வேண்டுமா என்றால் பரவாயில்லை. கால் நோகிறதா என்றால் பரவாயில்லை. மயூரி போனில் அழுதால் பரவாயில்லை. ஒருநாள் கோபத்தில் துவாயை வீசியெறிந்துவிட்டும் அதையேதான் சொன்னார். அறுபது வருடமாக எந்தப் பிழையையும் பரவாயில்லை என்று விடாத மனிதர் அவர். ஒவ்வொரு தடவையும் அந்தச் சொல் வெளியே வந்ததும், அது தன் வாயில் இருந்து வந்ததல்ல என்பதுபோல அக்காவைப் பார்ப்பார். "அந்தப் பார்வையைத்தான் என்னால தாங்கேலாமல் இருந்தது," என்று அக்கா என்னிடம் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த மேனுகா என்ற பிள்ளை கிழமைக்கு ஒருநாள் பார்த்தாள். படம் போட்ட அட்டைகளைக் காட்டி இது என்ன என்று கேட்பதுதான் பயிற்சி. அட்டைகளில் புகைபோக்கி வைத்த வீடும், பனியில் செய்த பொம்மையும், கம்பளிக் கையுறையும் இருந்தன. அண்ணை நான்காவது அட்டையோடு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"மேனுகா, இந்தச் சாமான் ஒண்டையும் இவர் எண்பத்தொரு வருசத்தில தொட்டதில்லை," என்றார் அக்கா.

"வேற செற் இல்லை அன்ரி. எங்களுக்குத் தந்தது இதுதான்."

வீட்டுக்கு வந்ததும் அக்கா நாட்காட்டியில் கிழித்த தாள்களைத் தேடி எடுத்தார். பெட்டியில் பேனாக்கள் இருந்தன, மைதான் காய்ந்துபோயிருந்தது. நிரோஷனின் மகளிடம் ஒரு மார்க்கர் வாங்கிக்கொண்டார். பதினெட்டு வருடம் கீறாத கை. விரல் மூட்டுக்கள் வீங்கியிருந்தன. கோடு நேராகப் போகவில்லை. ஆனாலும் காஸ் சிலிண்டர், சாரம், இடியப்பத் தட்டு, மருந்துக் குளிசைப் பெட்டி, காலி வீதியில் போகிற நூறாம் இலக்க பஸ் என்று நாளுக்கு ஐந்தாறு படம் கீறி அண்ணைக்கு முன்னால் வைத்தார்.

அண்ணை ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகம் திருப்பவில்லை. தலையாட்டுவார். பரவாயில்லை என்பார். மூன்று கிழமை அப்படியே போனது.

ஒரு பின்னேரம் மார்க்கர் ஒன்றால் மேசையில் கறை படிந்துவிட்டது. அக்கா அதைத் துடைத்துக் களைத்துப்போய், பழைய பஸ் படத்தையே இன்னொரு தாளில் அவசரமாகக் கீறிக் கொடுத்தார். அண்ணை பார்த்தார். தலையாட்டவில்லை. தாளை இடக்கையால் கிட்ட இழுத்தார். பஸ்ஸின் கதவை விரலால் தட்டினார்.

"பரவா..." என்று தொடங்கி நிறுத்தினார். இல்லை என்று தலையை வேகமாக ஆட்டினார். உதடு கோணியது. "பி... பி..."

தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்து அக்கா எழும்பினார். அண்ணை அவருடைய சேலையைப் பிடித்து இழுத்து இருத்தினார். மறுபடி கதவைத் தட்டினார்.

"பிழை," என்றார்.

அக்கா தாளைப் பார்த்தார். பஸ்ஸின் கதவை வலது பக்கத்தில் கீறியிருந்தார். அந்தக் கதவால் இறங்கினால் நடுவீதியில்தான் கால் வைக்கவேண்டும்.

"ஓம்," என்றார் அக்கா. "பிழைதான்."

அவர் அழவில்லை. அழுவதற்குப் பயமாக இருந்ததாம், அதில் அண்ணையின் கவனம் போய்விடுமென்று. உடனே இன்னொரு தாளை எடுத்து நான்கு கால் வைத்த கோழி ஒன்றைக் கீறினார். அண்ணை சிரித்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஓட்டோ ஒன்றை ஒரு யானை ஓட்டுவதாகக் கீறினார். அதற்கும் சிரிப்புத்தான். பிறகு ஒரு தேங்காயைக் கீறினார். அதன் தலையில் இரண்டு கண் மட்டும் வைத்தார்.

அண்ணை நெடுநேரம் பார்த்தார். "பிழை," என்றார். இரண்டு கண்ணையும் தொட்டுக் காட்டிவிட்டு, மூன்றாவது கண் இருக்கவேண்டிய இடத்தில் விரலை வைத்தார். "மூ... மூண்டு."

அன்று அக்கா ஒன்றைப் புரிந்துகொண்டார். நான்கு கால் கோழியும் யானையும் பிழையல்ல, பகிடி. பகிடிக்கு அண்ணை சிரிப்பார், அவ்வளவுதான். சரியான படத்தைப் பற்றிச் சொல்ல அவருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் யாரும் கவனிக்காத சின்னப் பிழை ஒன்றைக் கண்டால் அவரால் சும்மா இருக்க முடியாது. எத்தனை பூட்டுப் போட்டிருந்தாலும் அந்த இடத்தில் சொல் ஒன்று உடைத்துக்கொண்டு வரும்.

அதன்பிறகு அக்கா நாளுக்கு இரண்டு படம் பிழையாகக் கீறினார். அது அவர் நினைத்ததைவிடக் கஷ்டமான வேலை. பெரிய பிழை என்றால் பகிடியாகிவிடும். கண்ணில் படாத பிழை என்றால் பயனில்லை. ஆண்களின் சேட்டைப் பூட்டுகிற தெறியைப் பெண்களின் பக்கம் வைப்பார். பிள்ளையாரின் வாகனத்துக்கு வாலை விட்டுவிடுவார். வெள்ளவத்தை ஸ்டேஷனைக் கீறி, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கிடக்கிற கடலை இந்தப் பக்கம் போட்டுவிடுவார். அண்ணை முதலில் பிழை என்பார். பிறகு எது பிழை என்று சொல்லப் போராடுவார். வால், தெறி, கடல். ஒவ்வொரு சொல்லுக்கும் நெற்றி வியர்க்கும். ஒரு வருடத்தில் நாற்பது சொற்கள் சேர்ந்தன. அக்கா அவற்றைச் சமையலறைக் கதவில் எழுதி ஒட்டியிருந்தார்.

அக்காவின் பெயர் அந்த நாற்பதில் இல்லை. எனக்கு அது உறுத்தியது. கேட்டேன்.

"கலியாணம் கட்டி ஐம்பது வருசத்தில அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை," என்றார் அக்கா. "வராத சொல்லைத் தேடிப் பிடிக்கலாம். இல்லாத சொல்லுக்கு எங்க போறது?"

ஆனால் அதற்கடுத்த தைமாதம் ஒரு காலை, அக்கா பல்கனியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது உள்ளே இருந்து குரல் வந்தது. "இஞ்சேரும்... பால்." பெயருக்குப் பதிலாக அவர் அக்காவைக் கூப்பிட்டு வந்த சொல் அது. இரண்டு சொற்கள் ஒன்றாக வந்தது அதுதான் முதல் தடவை. அக்கா ஓடி வரும்போது பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது. அவர் அடுப்பை நிற்பாட்டிவிட்டு அதைத் துடைக்காமல் அண்ணைக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். "இன்னொருக்கா சொல்லுங்கோ," என்றார். அண்ணை சொன்னார்.

மேனுகா இந்தப் படங்களைப் பார்த்துவிட்டு நெடுநேரம் புரட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்சத்தை மற்ற நோயாளிகளுக்குக் காட்டத் தரமுடியுமா என்று கேட்டாள். அக்கா எல்லாவற்றையும் கொடுத்துவிட்டார். வார்ட்டில் நிஸாம் என்றொருவர் இருந்தார். முப்பது வருடம் பஸ்ஸில் கொண்டக்டராக இருந்தவர். வாதம் வந்து இரண்டு மாதமாக ஒரு சொல்லும் பேசாதவர். மேனுகா அவருக்கு முன்னால் பஸ் படத்தை வைத்தாள். அவர் குனிந்து பார்த்தார். கதவு இருக்கவேண்டிய பக்கத்தில் கையால் இரண்டு தரம் தட்டினார்.

"ரைட்," என்றார்.

பக்கத்தில் நின்ற அவருடைய மனைவி படத்தை எடுத்து மறுபடி அவருக்கு முன்னால் வைத்தார்.

இப்போது அந்தப் படங்கள் எழுபத்திரண்டு அட்டைகளாக அச்சாகி மூன்று ஆஸ்பத்திரிகளில் இருக்கின்றன. தமிழிலும் சிங்களத்திலும் பயன்படுத்துகிறார்கள். சிலருக்குச் சொல் வருகிறது. சிலருக்கு வருவதில்லை. அட்டைகளில் அக்காவின் முழுப்பெயரும் இருக்கிறது. கண்டு யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்கிறார். வியாழக்கிழமைகளில் அவர் அண்ணையையும் கூட்டிக்கொண்டு ஓட்டோவில் வார்ட்டுக்குப் போவார். புதிதாக வந்தவர்களுக்கு முன்னால் அண்ணை இருந்து, தானும் படத்தைப் பார்த்துப் பிழை பிடிப்பார். அவர் திணறுவதைப் பார்த்தால் மற்றவர்களுக்குத் திணற வெட்கம் போய்விடும் என்று மேனுகா சொல்கிறாள்.

போன மாதம் நான் வெள்ளவத்தைக்குப் போனேன். மேசையில் புதுப் படங்கள் பரப்பிக் கிடந்தன. சுவரில் கரண்ட் பிளக் குத்துகிற இடத்தை அக்கா கீறியிருந்தார்.

"பிழை," என்றார் அண்ணை.

"இதில பிழை விடேல்லை," என்றார் அக்கா. "இது சரியான படம். மற்றதைப் பாருங்கோ."

"பிழை. பெரிய... ஓட்டை." அண்ணை விரலால் மேலே காட்டினார். "மேல."

"கீழதான் இருக்கும். நான் தெரியாமலே கீறுறன்?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழும்பி சமையலறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்தேன். மூன்று துளையில் பெரியது மேலேதான் இருந்தது. வந்து சொன்னேன்.

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தை மறுபடி பார்த்தார். "நாளும் பார்க்கிற சாமான்," என்றார் மெல்ல. "எனக்குக் கீழ எண்டுதான் ஞாபகம்."

அண்ணை மேசையில் கிடந்த தாள்களில் இருந்து வெறும் தாள் ஒன்றை இழுத்து அக்காவின் முன்னால் வைத்தார். அக்கா மார்க்கரை எடுத்து முதலில் பெரிய துளையைக் கீறினார், மேலே. மின்விசிறிக் காற்றில் தாளின் முனை எழும்பியது. அண்ணை தன் இடக்கையை அதன் ஓரத்தில் வைத்து, அவர் கீறி முடியும்வரை எடுக்காமல் இருந்தார்.